ஆக்கிரமிப்பு அல்ல, ஆகவே

போன மாதம் இளம் தமிழ்ச் சட்டத்தரணிகளாகிய உங்கள் சந்திப்பில், சட்டம் படித்து முடித்து நாடுகளுக்கு ஒப்பந்தம் எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் எழும்பிக் கேட்டாள்: "அன்ரி, வல்லரசுகளுக்கு முன்னாலை போய் இருக்கேக்கை உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். மண்டபத்தைப் பூட்டுகிறவர் வாசலில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். நீண்ட பதில் சொல்ல நேரம் இல்லை. லண்டனின் கிங்ஸ்பரியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அந்தக் கேள்வி என்னோடுகூடவே வந்தது. அவளுக்கும் உங்கள் எல்லோருக்குமான முழுப் பதில் இது.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கட்டுப்பாடு ஓய்வுபெறவில்லை. மலையும் ஒரு துறைமுகமும் இரண்டையும் இணைக்கும் ஒரு நெடுஞ்சாலையும் உள்ள சின்ன நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரில் இந்த நாட்டுக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் ஆயுதம் கொண்டுபோக அந்தச் சாலை வேண்டும் என்று, அந்தப் போரில் ஒரே அணியில் நின்ற இரண்டு வல்லரசுகள் முடிவு செய்தன. ஒன்று கடல் வழியாகத் துறைமுகத்தில் இறங்கியது. மற்றது வட எல்லையைத் தாண்டித் தரை வழியாக வந்தது. சின்ன நாட்டின் படை கொஞ்சம் எதிர்த்துப் பார்த்துவிட்டுக் கலைந்தது. சில மாதம் போனதும் இரண்டு வல்லரசுகளும் ஒரு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அழைப்பு அனுப்பின. உள்ளே வந்து குந்தியவர்களுக்கு, தாங்கள் விருந்தாளிகள்தான் என்று சொல்லிக்கொள்ள வீட்டுக்காரரின் கையெழுத்து தேவைப்பட்டது.

பேச்சுவார்த்தை லண்டனில் நடந்தது. நான் வேலை பார்த்த அலுவலகம் சின்னது. சொந்தமாகச் சர்வதேசச் சட்டம் தெரிந்தவர்களை வைத்திருக்க வசதி இல்லாத அரசுகளுக்கு நாங்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்போம். அப்படித்தான் அந்த நாடு எங்களிடம் வந்தது, அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

அவர்களின் குழுவுக்குத் தலைவர் வெளியுறவு அமைச்சர். அரசியலுக்கு வருமுன் மலைக் கிராமங்களுக்கிடையே ஆற்றுநீர்ச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் நடுவராக இருந்தவர். குள்ளமான மனிதர். பேச்சு மேசையில் உட்காரும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். நேரம் பார்க்கிறவன் அவசரக்காரன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பார். முதல் நாள் என்னிடம் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"அவர்கள் வந்துவிட்டார்கள். அதை மாற்ற என்னிடம் படை இல்லை. இருக்கும்வரை எப்படி இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும், இந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் என்னால் பேச முடியும். அந்த இரண்டையும் எனக்கு ஒழுங்காக எழுதித் தாருங்கள்."

நான் வேலை செய்த காலம் முழுவதிலும் இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன எங்கள் சட்ட உதவியை நாடி வந்த வேறொரு கட்சிக்காரர் எனக்கு அமையவில்லை.

குழுவில் இன்னொருவர் ஒரு பெண், பாராளுமன்ற உறுப்பினர். வடக்கே தரைவழி வல்லரசின் படை நிற்கும் பகுதியில் இருந்து தெரிவானவர். அவருக்கு இந்தப் பேச்சுவார்த்தையே பிடிக்கவில்லை. ஆனாலும், தான் இல்லாமல் நடந்தால் இன்னும் மோசமாக நடக்கும் என்று வந்திருந்தார்.

எதிர்ப் பக்கத்தில் கடல்வழி வல்லரசின் சார்பில் ஒரு தூதுவர். உயரம், மெல்லிய குரல், கதவைத் திறந்து பிடித்து எல்லோரையும் முதலில் போகவிடுகிற மரியாதை. தரைவழி வல்லரசின் சார்பில் ஒரு ஜெனரல். அவர் அதிகம் பேச மாட்டார். தூதுவர் பேசி முடித்ததும் தலையை ஆட்டுவார் அல்லது ஆட்டாமல் இருப்பார், அவ்வளவுதான்.

முதல் மோதல் அவர்கள் கொண்டுவந்த வரைவின் நான்காம் உறுப்புரையில், அதாவது நான்காம் பிரிவில், வந்தது. ஒரே ஒரு வாக்கியம்: 'இந்த நாட்டில் நேச நாடுகளின் படைகள் தங்கியிருப்பது இராணுவ ஆக்கிரமிப்பு அல்ல.'

பாராளுமன்ற உறுப்பினர் பேனாவை எடுத்து அதன் குறுக்கே கோடு போட்டார்.

"என் ஊரில் சந்தைக்குப் போகிறவள் அவர்களுடைய சிப்பாயிடம் கூடையைத் திறந்து காட்ட வேண்டும். இது ஆக்கிரமிப்பு அல்ல என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமா?"

அமைச்சர் அதை மறுக்கவில்லை. வெட்டிவிடலாம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு வேறு யோசனை வந்தது. சர்வதேசச் சட்டத்தில் ஆக்கிரமிக்கும் படைக்குக் கடமைகள் உண்டு, கூடவே அதிகாரங்களும் உண்டு. அது கட்டளை போடலாம், தனக்கென்று நீதிமன்றம் வைக்கலாம், தேவைக்கு விளைச்சலை எடுக்கலாம். விருந்தாளியாக வந்த படைக்கு அந்த அதிகாரங்கள் இல்லை. வீட்டுக்காரர் கொடுப்பது மட்டும்தான். அப்படியென்றால் தாங்கள் ஆக்கிரமிப்பாளர் அல்ல என்று அவர்கள் எழுதித் தருவது, அந்த அதிகாரங்கள் எல்லாவற்றையும் தாங்களே கைகழுவி விடுவதுதான்.

மறுநாள் காலை, எதிர்த் தரப்பு வருமுன், கோடு போட்ட வாக்கியத்தை மறுபடி எழுதி அதன் பின்னால் இன்னொன்றைச் சேர்த்துக் காட்டினேன்: 'ஆகவே, நாட்டின் நிர்வாகம், நீதிமன்றங்கள், காவல்துறை, விளைச்சல் ஆகியவற்றின் மீது அப்படைகளுக்கு எந்த அதிகாரமும் இல்லை.'

பாராளுமன்ற உறுப்பினர் என்னை முறைத்தார். "ஒரு பொய்யின் மேல் வீடு கட்டுகிறீர்கள்."

"பொய்தான்" என்றேன். "ஆனால் அவர்களுடைய பொய். அதைச் சொல்லச் சொல்லி நாம் கேட்கவில்லை. உலகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அவர்களுக்கு ஆசை. சொல்லட்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும் என்று நாம் பக்கத்தில் எழுதுவோம்."

அமைச்சர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேசையில் தூதுவர் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலமுறை வாசித்தார். அதைக் குறை சொல்வது எளிதல்ல. ஆக்கிரமிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு நீதிமன்றத்தின் மீது அதிகாரம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அதனால் அவர் அந்த ஒரு சொல்லில் கை வைத்தார்.

"'ஆகவே' என்ற சொல் இங்கே தேவைதானா? இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே நிற்கலாமே."

தனித்தனியே நின்றால் இரண்டாவதை இன்னொரு நாள் மெதுவாகக் கழற்றிவிடலாம், அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"தேவை" என்றார் அமைச்சர். "உங்கள் வாக்கியத்தை நாங்கள் நம்புகிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம்."

அந்த ஒரு சொல்லுக்காகப் பல நாள் போனது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்த் தரப்பு தன் மானத்துக்காக ஆசைப்பட்டு எழுதும் வாக்கியத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், பிள்ளைகளே. அது உங்களுக்குக் கிடைத்த பிடி.

இரண்டாவது மோதல் படைகள் எப்போது போவது என்பதில். அவர்களின் வரைவில், 'நிலைமை அனுமதித்தவுடன் படைகள் விலகும்' என்று இருந்தது.

அந்தச் சொற்களை எனக்கு முன்பே தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை இராணுவம் எடுத்தபோது வந்த அதிகாரி மிகவும் பணிவாகப் பேசினார். நிலைமை சரியானதும் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். என் அப்பா ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டார். ஒவ்வொரு முறையும் இன்னும் சரியாகவில்லை என்ற பதில்தான். நிலைமை சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான், வீட்டில் இருப்பவர்களும் அவர்கள்தான். பிறகு எப்படிச் சரியாகும்?

இந்தக் கதையை நான் பேச்சு மேசையில் சொல்லவில்லை. நம் சொந்தக் காயத்தைக் கட்சிக்காரரின் மேசையில் வைக்கக் கூடாது. ஆனால் எழுதும்போது அது எனக்கு உதவியது. எப்போது போவார்கள் என்று கேட்பதைவிட, எப்போது என்று தீர்மானிப்பது யார் என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் இப்படி எழுதினேன்: போர்நிறுத்தமோ, சரணடைவோ, சமாதான உடன்படிக்கையோ, எது முதலில் வருகிறதோ அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் படைகள் முழுவதும் வெளியேற வேண்டும். யாரும் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. பத்திரிகை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஜெனரல் தலையை ஆட்டவில்லை. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது நடந்த ஒன்றை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உங்களுக்கும் நடக்கும். கடல்வழி வல்லரசு லண்டனில் அமர்த்தியிருந்த பெரிய சட்ட நிறுவனத்தில் இருந்து வந்தவர்களில் ஒருவர் மலேசியத் தமிழர். ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர். கெட்டிக்காரர். மேசையில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் மட்டும், மிஸ்டர், மிஸஸ் என்று பேசிக்கொள்வோம். ஒரு நாள் இடைவேளையில் தேநீர் வைத்திருந்த மூலையில் நான் தனியாக நின்றபோது பக்கத்தில் வந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம். நம்ம ஆளுங்கிறதால சொல்றேன்."

"தம்பி, நில்லுங்கோ. இந்த மேசையைப் பற்றின கதையோ?"

"ஆமா. ஆனா உங்களுக்கு நல்ல விஷயம்தான்."

"அப்ப சொல்லாதேங்கோ. நீங்கள் சொன்னால் நான் போய் அமைச்சரிட்டைச் சொல்ல வேணும். ஆர் சொன்னது எண்டு கேப்பார். அதையும் சொல்ல வேணும். என்னாலை மறைக்க ஏலாது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க, அக்கா."

"இல்லைத் தம்பி, ஒண்டும் எடுக்கேல்லை. லண்டனிலை நல்ல இடியப்பம் எங்கை கிடைக்கும் எண்டு கேளுங்கோ, அதைத் தாராளமாச் சொல்லுறன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் நேரே அமைச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கேட்கலாம் என்று ஆசை வரவில்லையா?" என்றார்.

"வந்தது."

"கேட்டிருந்தால், அவர் தானாக வந்தாரா, யாரும் அனுப்பி வந்தாரா என்ற கேள்வியோடு நாம் இன்றைய நாளை முடித்திருப்போம்" என்று சொல்லிவிட்டு தேநீர்த் தட்டில் இருந்த ஒரு ஆப்பிளை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

அந்தத் தம்பி என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனோர் பார்க் முருகன் கோயில் திருவிழாவில் சில வருடங்களில் அவரைக் குடும்பத்தோடு காண்பேன். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். அந்த மூலையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தெரிந்துகொள்ளாமல் விட்டதைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. கிரீன் பார்க் சுரங்க ரயில் ஸ்டேஷனில் இருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசிக்கு உயிர் வந்ததும் என் கணவரிடமிருந்து அழைப்பு.

"நியூஸ் பார்த்தனீரோ?"

"இல்லையப்பா, இப்பத்தான் வெளியிலை வாறன். என்ன?"

"உம்மடை அந்த நாடுதான். மாவுக்கு லைனிலை நிண்ட சனத்தைச் சுட்டுப்போட்டாங்கள். ரிவியிலை காட்டிக்கொண்டிருக்கிறாங்கள்."

"ஆர் சுட்டது?"

"வடக்காலை வந்த ஆமிதான். நீர் கவனமாப் போம்."

பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குள் போனபோது பாராளுமன்ற உறுப்பினர் மேலங்கியைக் கழற்றாமலே நின்றார். சுடப்பட்ட இடம் அவருடைய தொகுதி. படைக்குத் தானியம் எடுத்துப் போனதால் கடைகளில் மாவு இல்லை. கடைசியில் ஒரு கடைக்கு மாவு வந்தது. வரிசை தள்ளுமுள்ளாகியது. ஒரு சிப்பாய் சுட்டான். இறந்தவர்களில் தனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவர் அழவில்லை.

"கிளம்புவோம். இவர்களோடு நட்புறவு ஒப்பந்தமா? நான் இன்றைக்கே ஊருக்குப் போகிறேன்."

குழுவில் பாதிப்பேர் பைகளை எடுத்துவிட்டார்கள். அமைச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். போவதா, இருப்பதா? எல்லோரும் சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்?"

நாம் சட்ட ஆலோசகர்கள். போவதா இருப்பதா என்று முடிவு செய்ய நமக்கு உரிமை இல்லை, அந்த ஊரில் நமக்குச் சொந்தம் யாரும் சாகவில்லை. அதே நேரத்தில், கேட்கும்போது கையை விரிப்பதும் கோழைத்தனம். அந்தப் பெண் கேட்டாளே, பயமா இருக்கேல்லையோ என்று. அங்கேதான் எனக்குப் பயமாக இருந்தது. வல்லரசுகளின் முன்னால் அல்ல. தன் ஊர்ச் சனத்தைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் முன்னால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"போவதென்றால் போகலாம்" என்றேன். "போகுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவோம். சுட்ட சிப்பாய் இப்போது யாருடைய காவலில் இருக்கிறான்?"

அமைச்சர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பாராளுமன்ற உறுப்பினர் அப்போதுதான் மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினார்.

"அந்தக் கேள்வியைக் கேட்பது நான்" என்றார்.

மேசையில் தூதுவர் எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார். நன்றாகத்தான் பேசினார். அவர் உட்கார்ந்ததும் பாராளுமன்ற உறுப்பினர் ஜெனரலைப் பார்த்துக் கேட்டார். ஜெனரல் முதல்தடவையாகத் தானே பதில் சொன்னார்.

"அவன் எங்கள் காவலில் இருக்கிறான். எங்கள் இராணுவ நீதிமன்றம் அவனை எங்கள் நாட்டில் விசாரிக்கும்."

"நான்காம் உறுப்புரையை வாசிக்க முடியுமா, ஜெனரல்? சத்தமாக."

அவர் தூதுவரைப் பார்த்தார். தூதுவர் காகிதத்தைப் பார்த்தார். ஜெனரல் வாசித்தார். ஆக்கிரமிப்பு அல்ல. ஆகவே, நீதிமன்றங்கள் மீது எந்த அதிகாரமும் இல்லை. வாசித்து முடித்ததும் காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது இன்னும் கையெழுத்தாகவில்லை" என்றார்.

அமைச்சர் முன்னால் சாய்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உண்மை. கையெழுத்தாகவில்லை. அப்படியானால் நேற்று எங்கள் ஊரில் நின்றது ஆக்கிரமிப்புப் படையா? ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, பதில் மட்டும் சொல்லுங்கள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். நீங்கள் சொல்வதை அவர்களிடம் அப்படியே சொல்லிவிட்டு நாங்கள் ஊருக்குப் போகிறோம்."

தூதுவர் இடைவேளை கேட்டார். அவரும் ஜெனரலும் தங்கள் தலைநகரங்களோடு பேச வெளியே போனார்கள்.

எங்களுக்கு இருந்தது அந்த இடைவேளை மட்டும்தான். அவர்கள் திரும்பி வரும்போது 'ஆம், உங்கள் நீதிமன்றம்தான்' என்று சொன்னால், அந்த வாய் மூடுமுன் எழுத்து தயாராக இருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். பாராளுமன்ற உறுப்பினர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

அவருக்கு 'படுகொலை' என்ற சொல் வேண்டும். அந்த ஊரின் பெயர் வேண்டும். இறந்தவர்களின் பெயர்கள் வேண்டும். எனக்கும் அந்தச் சொல்லை எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதவில்லை. 'அப்படைகளைச் சேர்ந்த எவரேனும், அப்படைகளைச் சேராத ஒருவருக்கு மரணமோ காயமோ விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவர் நாட்டின் நீதிமன்றங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்' என்று எழுதினேன்.

"அவர்களின் பெயர் எங்கே?" என்றார்.

"பெயர்கள் நீதிமன்றத்தில் வரும். இதில் எழுதினால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும்தான் இது செல்லும். நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொருவன் சுட்டால் நாம் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்."

அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். சொல் சொல்லாக வாசித்தார்.

"மரணம், காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு நடப்பது எங்கே?"

அந்தக் கேள்வி மிகச் சரியானது. 'மரணமோ, காயமோ, பாலியல் வன்முறையோ' என்று திருத்தினேன். அந்தச் சொற்கள் அவருடையவை. இன்றைக்கும் அந்த உறுப்புரையை எங்காவது யாராவது எடுத்துக்காட்டும்போது நான் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

கோபம் வராதவர் இந்த வேலைக்கு வேண்டாம். ஆனால் கோபம் எழுதுகிறவரின் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும், வாக்கியத்துக்குள் வந்துவிடக் கூடாது. கோபமான வாக்கியத்தை எதிர்த் தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். சாதுவாக இருக்கும் வாக்கியத்தைத் தள்ள அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.

அவர்கள் திரும்பி வந்தபோது ஜெனரல் யாரையும் பார்க்கவில்லை. தூதுவர்தான் பேசினார். அது ஆக்கிரமிப்புப் படை அல்ல என்றார். ஆகவே, என்று தொடங்கிவிட்டு, ஒரு கணம் நின்றார். தான் எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆகவே அந்தச் சிப்பாய் நாட்டின் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்படுவான் என்று முடித்தார். அமைச்சர் என் காகிதத்தை மேசையின் குறுக்கே நகர்த்தினார்.

அதே நாளில் படை விலகலையும் சேர்த்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். கிடைத்திருக்கலாம். பாராளுமன்ற உறுப்பினர் அதற்குச் சம்மதிக்கவில்லை. செத்தவர்களை வைத்து வேறு எதையும் வாங்கக் கூடாது என்றார். மாவையும் நீதிமன்றத்தையும் மட்டும் கேட்டோம், சாலையில் போகும் தானியத்தில் முதல் பங்கு அந்த நாட்டுச் சனத்துக்கு என்று ஒரு வரி சேர்த்தோம், அன்றைக்கு அவ்வளவுதான். சில நாள் கழித்து, தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்துத் தன் நாட்டு மக்களே கேள்வி கேட்கத் தொடங்கியபின், தூதுவர் தானாகவே அந்த விலகல் வாக்கியத்துக்கு வந்தார். இந்தமுறை ஜெனரலும் தலையை ஆட்டினார். 'எது முதலில் வருகிறதோ' என்பது ஒப்பந்தத்துக்குள் வந்தது.

கையெழுத்தான நாள் லண்டனில் நல்ல வெயில். பாராளுமன்ற உறுப்பினர் விழாவுக்கு வரவில்லை. வரமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தார். ஆனால் தன் பாராளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். ஒரு ஒப்பந்தத்துக்கு அதைவிட நேர்மையான வரவேற்பு கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

போர் முடிந்ததும் கடல்வழி வல்லரசு சொன்ன காலத்துக்குள் துறைமுகத்தைக் காலிசெய்தது. தரைவழி வல்லரசு இழுத்தது. நிலைமை இன்னும் சரியில்லை என்றது. ஆனால் அந்தச் சொற்கள் ஒப்பந்தத்தில் இல்லை. சின்ன நாடு அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு உலக நாடுகளின் முன் போய் நின்றது. எந்த நாட்டுப் பிரதிநிதிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தேதியைப் பார்த்தார்கள், நாட்காட்டியைப் பார்த்தார்கள். சில மாதத் தாமதத்துக்குப் பிறகு கடைசி வண்டியும் எல்லையைத் தாண்டியது. அமைச்சர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் சமையலறையில் நின்றபடி என் கணவரைக் கூப்பிட்டு, "எல்லாரும் வெளிக்கிட்டுப் போட்டினமாம்" என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னை உட்காரவைத்தார்.

அது பெரிய நாள்தான். ஆனால் என் வேலையில் எனக்கு மிகப் பெருமையான நாள் எது என்று கேட்டால், நான் சொல்வது அதற்கு முந்திய ஒரு நாள். போர் இன்னும் முடியாத காலம். அமைச்சர் என்னை அந்த வடக்கு ஊருக்கு அழைத்திருந்தார், சிப்பாயின் வழக்கைப் பார்க்க.

சின்ன நீதிமன்றம். ஜன்னலுக்கு வெளியே அந்த வல்லரசின் இராணுவ லொறிகள் சாலையில் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே அந்த நாட்டு நீதிபதி, அந்த நாட்டுக் காவலர்கள். கூண்டில் சிப்பாய், மிக இளையவன். கடைசியில் அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, அதை அந்த நாட்டுச் சிறையிலேயே அனுபவித்தான். நான் இருந்தது சாட்சி விசாரணை நடந்த நாளில்.

மாவு வரிசையில் கணவனைப் பறிகொடுத்த பெண் சாட்சி சொல்ல எழும்பினார். தன் சொந்த மொழியில் பேசினார். சந்தையில் பேசுகிற மாதிரிப் பேசினார். நீதிபதி சுருக்கமாகச் சொல்லச் சொன்னபோது, சுருக்க முடியாது என்று அவரையே அதட்டினார். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எனக்கு அந்த மொழி தெரியாது. பக்கத்தில் இருந்த பாராளுமன்ற உறுப்பினர் எனக்கு ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

லண்டனில் அகதி விண்ணப்ப விசாரணைகளில் எத்தனை தரம் நான் மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எங்கள் சனம் காதை நீட்டி, யாருடைய வாயையோ பார்த்து, தங்கள் விதி என்ன மொழியில் வருகிறது என்று குனிந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா அப்படிக் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் பேசி முடித்து உட்கார்ந்தார். நீதிபதி கூண்டின் பக்கம் திரும்பி, சாட்சி சொன்னது விளங்கியதா என்று கேட்டார். சிப்பாய்க்குக் கேள்வி புரியவில்லை. அவன் குனிந்து, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்தான். அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நீதிபதியும் நாங்களும் அந்தப் பெண்ணும் பொறுமையாகக் காத்திருந்தோம்.